தள்ளுபடி என்றால் நல்ல சேதியா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வக்கீல் குமாஸ்தாவின் திறந்த மடல்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே கோர்ட் வளாகம். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவேன், ஸ்டாம்ப் ஒட்டுவேன், குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி போடுவேன், வாய்தா தேதியை டைரியில் குறித்துவைத்துக் கட்சிக்காரர்களுக்குப் போன் போடுவேன். சட்டம் படித்தவன் இல்லை. சட்டம் படித்தவர்கள் பேசியதைப் படிக்காதவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே வயசு போய்விட்டது. அந்த வேலையில் கண்ட ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். மற்ற மாவட்டச் செயலாளர்களும், வக்கீல் சங்கத்தாரும், நாளைக்குக் கோர்ட் படி ஏறப்போகிறவர்களும் படிக்கட்டுமே என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா எங்கள் ஆபீசுக்கு வந்தார். சித்தாள் வேலை செய்கிறவர். கணவர் கொத்தனார். வேலை முடிந்து டூவீலரில் திரும்பும்போது சரக்கு வேன் மோதி இறந்துபோனார். வயசு 34. விபத்து இழப்பீட்டு வழக்கு, எங்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி., வேறொரு வக்கீல் மூலம் போட்டிருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். அப்புறம் கேட்டார்:

"அண்ணே, கேஸு தள்ளுபடி ஆயி ஏழு மாசமாச்சு. பணம் எப்ப வரும்?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அவரிடம் போனில் சொன்னவர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. "உங்க மனு தள்ளுபடி ஆயிடுச்சும்மா" என்றார். அவ்வளவுதான். இந்த அம்மாவுக்கு 2021-இல் கூட்டுறவு சங்கத்தில் ஐந்து பவுனுக்குள் வைத்திருந்த நகைக்கடன் தள்ளுபடி ஆகியிருக்கிறது. ஆடி மாசம் ஜவுளிக்கடையில் தள்ளுபடி. பயிர்க்கடன் தள்ளுபடி. அவர் வாழ்க்கையில் கேட்ட தள்ளுபடி எல்லாமே நல்ல சேதி. கோர்ட்டில் தள்ளுபடி என்றால் ஏதோ செலவைக் குறைத்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

நடந்தது என்ன? தொடர்ந்து இரண்டு வாய்தா அவர் வரவில்லை. தேதி சரியாகத் தெரியவில்லை. 'மனுதாரர் முன்னிலையாகவில்லை, மனு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று உத்தரவு. இப்படித் தள்ளுபடியான மனுவை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போட்டிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் முடிந்திருக்கும். இவர் வந்தது ஏழு மாசம் கழித்து. இனிமேல் முதலில் காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, ஏன் தாமதம் என்று பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அது சேர்ந்த பிறகு விசாரணை. ஏன் தாமதம் என்ற இடத்தில் நான் என்ன டைப் செய்ய? 'மனுதாரருக்குத் தமிழ் தெரியும், அதனால் தாமதமாகிவிட்டது' என்றா?

அய்யா, சொல்ல வந்ததே இதுதான். இங்கிலீஷ் வார்த்தை என்றால் ஜனங்கள் பயந்துபோய் நாலு பேரிடம் கேட்கிறார்கள். 'எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு', அதாவது ஒரு தரப்பு வராமலே வழக்கு முடிவாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், "அப்படின்னா என்ன சார்?" என்று உடனே கேட்பார்கள். அரபி, உருதுவிலிருந்து வந்த பழைய வார்த்தைகளிலும் ஆபத்து குறைவு. வாய்தா, ஜப்தி, ஜாமீன், தாவா, அமீனா எல்லாம் கோர்ட்டோடு ஒட்டியே பிறந்தவை. ஜப்தி என்றால் என்ன என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆபத்தெல்லாம் வீட்டிலும் கடையிலும் தினமும் புழங்கும் நல்ல தமிழ் வார்த்தை கோர்ட்டுக்குள் நுழைந்ததும் வேறு அர்த்தம் எடுக்கிறதே, அங்கேதான். தெரிந்த வார்த்தை என்று நினைத்துக்கொண்டு யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

'கட்சிக்காரர்' என்பதையே பாருங்கள். "கட்சிக்காரங்க வந்திருக்காங்களா?" என்று வராந்தாவில் குரல் கொடுத்தால், "நமக்கு எந்தக் கட்சியும் கிடையாதுங்க" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'மைனர் மனுதாரர்' என்று எழுதியதைப் படித்துக்காட்டியபோது ஒரு பாட்டி, "எம் பேரனா மைனரு? அவன் மூணாப்பு படிக்கிறான்யா" என்று சண்டைக்கு வந்தார். சட்டத் தமிழில் 'இளவர்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, நல்ல வார்த்தை, எங்கள் வராந்தாவில் யாரும் பேசுவதில்லை. குற்றவியல் கோர்ட்டில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். தன் மகனை 'முதல் எதிரி' என்று கூப்பிட்டதும் ஒரு தாய் அழுதுவிட்டார். இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை, அந்தத் தாயைத் தவிர. பணத்தையும் உரிமையையும் தின்கிற வார்த்தைகளும் இருக்கின்றன.

முதலில் 'விடுதலை'. ஒரு விபத்துக்கு இரண்டு வழக்கு நடக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. போலீஸ் போடுவது குற்ற வழக்கு. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று எஃப்.ஐ.ஆரில் எழுதுவார்களே, அது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106. அது டிரைவருக்கும் அரசுக்கும் நடக்கிற வழக்கு. குடும்பம் போடுகிற இழப்பீட்டு வழக்கு தனி, கோர்ட்டும் தனி. குற்ற வழக்கில் டிரைவருக்கு அபராதம் விதித்தால் அந்தப் பணம் தங்களுக்கு வரும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அது பொதுவாக அரசுக்குப் போகிற பணம். டிரைவர் விடுதலை ஆகிவிட்டால், "அவன் மேல தப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு" என்று இழப்பீட்டு வழக்கையும் விட்டுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். தண்டிக்க வேண்டுமானால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று பார்ப்பார்கள். ஒரு தராசு தங்கம் நிறுக்கிற தராசு, இன்னொன்று காய்கறித் தராசு என்று நான் சொல்லிக் காட்டுவேன். அங்கே விடுதலை ஆனவர் மீது இங்கே கவனக்குறைவு நிரூபணமாகலாம்.

இந்தக் 'கவனக்குறைவு' இருக்கிறதே, அதற்கு மட்டும் நம்மிடம் நாலு வார்த்தை. போலீஸ் அஜாக்கிரதை என்று எழுதும், பேப்பர்காரர்கள் அலட்சியம் என்பார்கள், மொழிபெயர்ப்பில் அசட்டை என்று வரும், வக்கீல் கவனக்குறைவு என்பார். அலட்சியம் என்ற வார்த்தையில் ஒரு திமிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் சாட்சிக் கூண்டில் நிற்கிறவரிடம் "டிரைவர் அலட்சியமா ஓட்டினாரா?" என்று கேட்டால், "அவரு வேணும்னு செய்யலீங்க, பாவம்" என்று பதில் வருகிறது. நல்ல மனசு. ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்வார். வேண்டுமென்று செய்தாரா என்பது கேள்வியே இல்லை. செய்ய வேண்டிய ஜாக்கிரதையைச் செய்தாரா என்பதுதான் கேள்வி. வேண்டுமென்றே மோதினால் அது வேறு குற்றம்.

எங்கள் சீனியர் இதற்கு ஒரு கதை சொல்வார். 1928-இல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு பெண்மணிக்கு அவருடைய தோழி இஞ்சி சோடா மாதிரி ஒரு பானம் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இருப்பது தெரியாத அடர்நிறக் கண்ணாடி பாட்டில். பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றினால் அழுகிய நத்தை விழுந்ததாம். உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. யார் மேல் வழக்குப் போடுவது? காசு கொடுத்தவர் தோழி. குடித்தவருக்கும் கடைக்காரருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை, கம்பெனிக்காரரை அவர் பார்த்ததே இல்லை. 1932-இல் லண்டனில் பிரபுக்கள் அவை, அந்தக் காலத்தில் அங்கே அதுதான் கடைசிக் கோர்ட், தீர்ப்புச் சொன்னது: நீ செய்கிற காரியத்தால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று நியாயமாக யோசித்தால் தெரியுமோ, அவர் எல்லாரும் உன் அண்டை வீட்டுக்காரர், அவர்களுக்குத் தீங்கு வராமல் நடந்துகொள்ளும் கடமை உனக்கு உண்டு. அட்கின் பிரபு சொன்ன இந்த அண்டை வீட்டுக்காரர் கணக்குத்தான் நம் கோர்ட்டுகளிலும் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால் பாட்டிலில் நத்தை இருந்ததா இல்லையா என்று எந்தக் கோர்ட்டும் கடைசிவரை விசாரித்துத் தீர்மானிக்கவில்லை. வழக்கு ராஜியில், அதாவது சமரசத்தில், முடிந்துபோனது.

கடமை இருந்தது, அதை மீறினார், அந்த மீறலால்தான் பாதிப்பு வந்தது, பாதிப்பு இவ்வளவு. இந்த நாலும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். மூன்றாவதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பைக்கில் மூன்று பேர் போனது தப்புதான். அதனாலேயே விபத்துக்கு அவர்களும் காரணம் என்று ஆகிவிடாது. மூன்று பேர் போனதால்தான் மோதல் நடந்தது, அல்லது அதனால்தான் அடி இவ்வளவு பலமாகப் பட்டது என்று காட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்து வருகிறது எனக்கு மிகவும் கோபம் மூட்டும் வார்த்தை: 'பங்களிப்பு'. பள்ளிக்கூட ஆண்டு விழாவில், இலக்கியக் கூட்டத்தில், பொன்னாடை போர்த்தும்போது கேட்கிற வார்த்தை. கோர்ட்டில் 'இறந்தவரின் பங்களிப்புக் கவனக்குறைவு 25 சதவீதம்' என்று எழுதினால், இறந்தவர் மேலும் கால்பங்கு தப்பு என்று அர்த்தம். "அவர் பங்களிப்பும் இருக்குன்னு சொன்னாங்க அண்ணே" என்று பெருமையாகவே சொன்ன குடும்பத்தை நான் பார்த்தேன்.

அந்தக் கால்பங்கு எவ்வளவு என்று பைசா கணக்கில் காட்டுகிறேன். அந்தக் கொத்தனார் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் நிர்ணயிக்கிறது என்று வையுங்கள். 40 வயசுக்குக் கீழ் உள்ள, நிரந்தர உத்தியோகம் இல்லாதவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கச் சொல்லி 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 16,800 ஆச்சு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நாலு பேர் அவரை நம்பி இருந்தார்கள்; அதனால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழிப்பார்கள். மிச்சம் 12,600. வருஷத்துக்கு 1,51,200. இதை வயசுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் பேச்சில் 'மல்டிப்ளையர்'. 2009-இல் சரளா வர்மா வழக்கில் கொடுத்த பட்டியல்படி 31 முதல் 35 வயசுக்கு 16. மொத்தம் 24,19,200 ரூபாய். துணையை இழந்ததற்கும் ஈமச்சடங்குக்கும் தருவது தனி. இதில் 25 சதவீதம் பங்களிப்பு என்று எழுதிவிட்டால் 6,04,800 ரூபாய் போச்சு. ஒரு சித்தாள் எத்தனை வருஷம் செங்கல் சுமந்தால் அந்தப் பணம் சேரும்? மேல்முறையீடு செய்யலாமா என்று யோசிக்கக்கூட, அது நமக்கு எதிரான வார்த்தை என்று முதலில் தெரிய வேண்டுமே!

இதற்குப் பக்கத்திலேயே 'கூட்டுக் கவனக்குறைவு' என்று ஒன்று. பஸ்ஸும் லாரியும் மோதி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பயணிக்கு அடி. பயணி மேல் தப்பே இல்லை, இரண்டு டிரைவர் மேலும் தப்பு. இங்கே எதுவும் கழியாது. முழுத் தொகையையும் இரண்டு தரப்பில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பங்களிப்பு, கூட்டு இரண்டையும் தமிழில் கேட்டால் ஒரே மாதிரிதானே இருக்கிறது? ஒன்று பணத்தைக் குறைக்கும், இன்னொன்று குறைக்காது.

'ஊனம்' பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர் குழு 60 சதவீதம் என்று சான்று கொடுத்தால் வருமான இழப்பும் 60 சதவீதம்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சொன்ன உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இடது கை போய்விட்டது. அவர் டிரைவரோ தச்சரோ என்றால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. அரசு ஆபீசில் எழுத்தர், வேலையும் போகவில்லை என்றால் அவ்வளவு இழப்பு இல்லை. அதனால் 'என்ன வேலை செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை' என்பதைக் கூண்டில் விவரமாகச் சொல்ல வேண்டும். "டாக்டர் சர்டிபிகேட்ல இருக்குங்க" என்று சொல்லி இறங்கிவிடக்கூடாது.

சரி, இத்தனையும் தாண்டித் தீர்ப்பு வருகிறது. அதற்குப் பெயர் 'அவார்டு'. "உங்களுக்கு அவார்டு ஆயிடுச்சு" என்று நான் போன் போட்டபோது ஒரு பெரியவர், "யாருக்குத் தம்பி, எம் மருமகளுக்கா? எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அந்த வார்த்தையைப் போனில் சொல்வதில்லை. 'இழப்பீடு இவ்வளவுன்னு உத்தரவு வந்திருக்கு' என்றுதான் சொல்கிறேன். அந்த உத்தரவில் 'மனுத் தேதியிலிருந்து ஏழரை சதவீத வட்டி, தவறிய காலம் நீங்கலாக' என்று ஒரு வரி வரும். தவறிய காலம் என்றால் வழக்கு தள்ளுபடியாகிக் கிடந்த காலம். அந்தச் சித்தாள் அம்மாவுக்கு வழக்கு நாளைக்கே ஜெயித்தாலும் அந்த மாதங்களுக்கு வட்டி கிடைப்பது கஷ்டம். ஒரு வார்த்தை புரியாமல் போனதற்கு அபராதம்!

உத்தரவு வந்தால் பணம் வந்ததாக அர்த்தமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உத்தரவுப்படி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லிப் போடும் நிறைவேற்று மனு, இ.பி. என்போமே, அது தனி. பேப்பரில் 'விபத்து இழப்பீடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி' என்று அடிக்கடி பார்க்கிறோம். கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற ஊழியர்தான் அமீனா; நான் ஒரு தடவை அவரோடு கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. அமீனா உத்தரவைக் காட்டுகிறார். கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு டெப்போவுக்குப் போன் போடுகிறார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே கூடையும் பையுமாக இறங்குகிறார்கள். முன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி, பஸ்ஸைக் கோர்ட் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். வழக்குப் போட்ட பெண்மணி அந்தப் பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இத நான் என்ன அண்ணே செய்யிறது?" பஸ் அவருக்கு இல்லை, பணம் கட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லும்வரை அவருக்கு அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டுமோ என்று பயம்.

யார் பணம் கட்டுவது என்பதிலும் இதே குழப்பம். மனுவில் டிரைவர், வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். "டிரைவரும் என்ன மாதிரி ஏழைதானே, அவன் பொண்டாட்டி புள்ளைக்கு நான் பாவம் செய்யணுமா?" என்று கேட்டு வழக்கே வேண்டாம் என்றவர்கள் உண்டு. வேலைக்கு வைத்தவர் வேலைக்காரரின் தப்புக்குப் பொறுப்பு, அந்தப் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியம் வாங்கிக்கொண்டு ஏற்றிருக்கிறது என்று சொன்னால் முகம் தெளிகிறது. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாமல் போனாலும், கம்பெனி முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் உத்தரவாகிறது. 'பதிலிப் பொறுப்பு' என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லிப் பிரயோசனமில்லை என்பது என் அனுபவம்.

வழக்கைச் சமரசமாக முடிக்கிற மக்கள் நீதிமன்றம் உங்கள் துறை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 'ராஜி' என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இதில் மேல்முறையீடு கிடையாது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால், ஒரு தடவைக்கு இரண்டு தடவை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய்தா வாய்தாவாக அலைவதைவிட ராஜி எத்தனையோ மேல் என்றுதான் நானும் சொல்வேன். தொகை குறைவு என்று தோன்றினால் 'வேண்டாம், வழக்கு நடக்கட்டும்' என்று சொல்லும் உரிமையும் உண்டு என்பது தெரிந்து போடட்டும்.

ஆஸ்பத்திரி வழக்குகளைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன், எங்கள் ஆபீசில் அவை குறைவு. ஒன்று மட்டும். நோயாளி இறந்துபோனாலே டாக்டரின் கவனக்குறைவு என்று ஆகிவிடாது. அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். கிரிமினல் வழக்குப் போட வேண்டுமானால் கவனக்குறைவு மிகவும் மோசமானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டார்கள். இழப்பீடுதான் வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே இரண்டு வருஷக் கெடு. இது தெரியாமல் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே அந்த இரண்டு வருஷத்தைக் கழித்துவிடுகிறார்கள். விபத்து வழக்கிலும் 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாசக் கெடு மறுபடி சட்டத்தில் வந்துவிட்டது. துக்கம் ஆறவே ஆறு மாசம் ஆகும் குடும்பங்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது?

இப்போது என் கோரிக்கை. நீதிமன்றத் தமிழை மாற்றச் சொல்லவில்லை. 1976-இல் சட்டத்தைத் திருத்திக் கீழ்க் கோர்ட்டுகளுக்குத் தமிழைக் கொண்டுவந்தார்களே, அதற்குக் கும்பிடு போடுகிறவன் நான். இங்கிலீஷில் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, எழுதிய காலத்தையும் பார்த்தவன். தமிழில் எழுதினால் மட்டும் போதாது, கேட்கிறவருக்கு அது எந்தத் தமிழாகக் காதில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முகாம்களில் நீங்கள் கொடுக்கும் துண்டறிக்கைகளோடு இன்னும் ஒரே ஒரு தாள் சேர்க்கலாம். அதில் சட்டம், பிரிவு எதுவும் வேண்டாம். இடது பக்கம் கோர்ட் வார்த்தை, வலது பக்கம் அதைக் கேட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும். 'தள்ளுபடி: உங்களுக்கு எதிரான உத்தரவு. அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், நாள் குறைவு.' 'விடுதலை: டிரைவருக்குத் தண்டனை இல்லை. உங்கள் இழப்பீட்டு வழக்கு முடியவில்லை.' இந்த மாதிரி இருபது வார்த்தை போதும். மூன்று மாசம் உங்கள் சட்டத் தன்னார்வலர் ஒருவரை எம்.சி.ஓ.பி. கோர்ட் வராந்தாவில் உட்காரவைத்து, ஜனங்கள் எந்த வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். தாள் தானாகத் தயாராகிவிடும். வீட்டில் உட்கார்ந்து அகராதி பார்த்து யாரும் எழுத வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. வாய்தா முடிந்து வெளியே வரும்போது கையில் மூன்று வரி: இன்று என்ன நடந்தது, அடுத்து எப்போது, என்ன கொண்டுவர வேண்டும். ஆஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டில் காலை, மதியம், இரவு என்று எழுதித் தருகிறார்களே, அதே மாதிரி. செல்போனுக்கு வழக்குத் தேதி எஸ்.எம்.எஸ். வருகிறது, நல்ல வசதி. அதை வாங்கிக்கொண்டு அர்த்தம் கேட்க என்னிடம் வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெண் என்றாலே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உங்களிடம் கிடைக்கும் என்பதையும், 15100 என்ற சட்ட உதவிப் போன் எண்ணையும் அந்தச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள். அந்தச் சித்தாள் அம்மாவுக்கு இரண்டுமே தெரிந்திருக்கவில்லை.

வக்கீல் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஜூனியர்களும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களும்தான் கட்சிக்காரருக்குப் போன் போடுகிறோம். நாங்கள் அவசரத்தில் ஒரு வரி சொல்லி வைத்துவிடுகிறோம். அந்த வரி புரிந்ததா என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க இன்னும் ஒரு நிமிஷம் ஆகும். நானே எத்தனை பேரிடம் 'தள்ளுபடி' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறேனோ, இப்போது யோசித்தால் தூக்கம் வரவில்லை.

அந்த அம்மாவின் கதையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவில் நடந்ததை நடந்தபடியே எழுதினோம். தள்ளுபடி என்ற வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் படித்துவிட்டு ஆட்சேபணையை அழுத்திச் சொல்லவில்லை. போன வாரம் உத்தரவு. நீதிபதி வாசித்ததும் அம்மா வராந்தாவுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, 'மனு அனுமதிக்கப்படுகிறது'ன்னாங்க. ஆஸ்பத்திரியில அனுமதிப்பாங்களே, அது மாதிரியா? இன்னும் எத்தனை நாள் உள்ள இருக்கணும்?"

இந்தத் தடவை கேட்டுவிட்டார். நான் பதில் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா